காலி மனையில் ஐந்து பேர்

எங்கள் ஊரின் சந்துபொந்துகளையெல்லாம் சம்பளமில்லாமல் வரைபடத்தில் ஏற்றும் அரும்பணியில் ஐந்து பேர் ஈடுபட்டிருந்தோம். தெருக்குழாய், பெஞ்சு, கடிக்கிற நாய் படுக்கும் முனை வரை குறித்தாயிற்று. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஊரார் இரண்டையும் செய்யவில்லை. பேப்பரில் செய்தி வந்து நாலு பேர் சேராவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்றார் செயலாளரான பல் டாக்டர். அவர் என் மனைவியும்கூட என்பதால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பத்திரிகையாளர்களை எங்கள் சங்கக் கட்டடத்துக்கு அழைத்தோம். முகவரி எழுதுவது கொள்கைக்கு இழுக்கல்லவா? "எங்கள் வரைபடத்தைப் பார்த்து வரவும்" என்று மட்டும் போட்டோம். பிஸ்கட் வாங்கி வைத்தோம். ஈ காக்கைகூட வரவில்லை.

கடைசியில் ஒரு நிருபர் போன் செய்தார்.

"மேடம், உங்க படத்துல உங்க கட்டடமே இல்லையே! காலி மனைன்னு போட்டிருக்கு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எங்கள் ஐவரில் ஒருவரான கணக்கு வாத்தியாரைப் பார்த்தேன். அவர் பிஸ்கட்டைப் பார்த்தார். உட்கார்ந்திருக்கும் இடத்தை இன்னொருவர் குறித்திருப்பார் என்று ஐந்து பேருமே நம்பியிருக்கிறோம்!

"இப்பவே போட்டுடறோம் சார்!"

"ஐயோ, போட்டுடாதீங்க! இதுதான் மேடம் நியூஸ்!"

மறுநாள் முதல் பக்கத்திலேயே எங்கள் வரைபடத்தோடு வந்தது: "ஊருக்கே வழி சொன்னவர்களுக்கு முகவரி இல்லை." டாக்டர் பத்துப் பிரதி வாங்கினார்.

அதற்கு மறுநாள் நகராட்சி அதிகாரி வந்தார், டீக்கடையில் வழி கேட்டு.

"காலி மனையில அஞ்சு பேர் உக்காந்திருக்கீங்க. இது ஆக்கிரமிப்பு."

"சார், நீங்களே கட்டடத்துக்குள்ளதானே நிக்கறீங்க?"

"அப்படி எனக்கு அறிக்கை எதுவும் வரலம்மா. பேப்பர்லயே வந்த படத்தை நம்பாம வேற எதை நம்பறது?"

எங்கள் வரைபடத்தை நம்பிய முதல் மனிதர் அவர்தான். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதோ, திருத்திடறோம் சார்."

"விசாரணையில இருக்கற ஆதாரத்தைத் திருத்தினா அது தனிக் குற்றம்."

புல்டோசர் வந்தது. மாலைக்குள் எங்கள் வரைபடம் முற்றிலும் சரியாகிவிட்டது. "துல்லியத்தில் ஈடிணையில்லை" என்று பேப்பர் மீண்டும் பாராட்டியது.

இப்போது ஆளுக்குப் பஞ்சமில்லை. ஊரே சேர்ந்துவிட்டது. ராப்பகலாக வேலை நடக்கிறது. ஒவ்வொருவரும் தம் வீட்டைக் கவனமாகக் குறிக்கிறார்கள். பக்கத்து வீட்டை, காலி மனை என்று.