கருந்துளையும் கிடா விருந்தும்

நட்சத்திர மண்டலங்களின் நடுவே உட்கார்ந்திருக்கும் ராட்சதக் கருந்துளை, கண்டதையெல்லாம் உறிஞ்சி விழுங்கிவிடும் என்று சேலம் ஜில்லாவில் பலர் நம்புகிறார்கள். இது மன்னிக்க முடியாத பிழை. இதைத் திருத்தாமல் கண் மூடுவதில்லை என்று அஸ்தம்பட்டி அறிவியல் வாத்தியார் தீர்த்தகிரி 1983-இல் முடிவு செய்தார். ஞாயிறு மாலை வாசகர் மன்றத்தில் உரை. அவர் வாழ்வின் முதல் உரை.

அதே ஞாயிறு ராசிபுரம் பக்கத்தில் மனைவி தெய்வநாயகியின் அண்ணன் வேலுசாமி வீட்டில் கிடா விருந்து. மாப்பிள்ளை வராவிட்டால் அவளுக்குத் தலைகுனிவு. அவருக்கோ அந்த வீடு என்றாலே நடுக்கம். ஒரு வாய் சாப்பிடப் போனவரை, மாமியார் சென்னியம்மாள் ஒருமுறை நாலு நாள் அனுப்பவில்லை. அவருடைய ஸ்கூட்டரை "ஒரு நடை" எடுத்துப் போன வேலுசாமி அந்த நாலு நாளும் திரும்பவில்லை. அதிலிருந்து மனைவியை ஊர் எல்லையில் இறக்கி, என்ஜினை நிறுத்தாமலே வட்டமடித்துத் திரும்பிவிடுவார்.

சனிக்கிழமை ஒத்திகை. கேட்பதற்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவிதான் கிடைத்தாள்.

"தூரமும் வேகமும் சரியா இருந்தாக் கோடி வருசம் சுத்தலாம். உள்ள விழாது. உங்க ஊரு எல்லையில நான் சுத்தறேன் பாரு, அந்த மாதிரி."

"அப்ப எதுதானுங்க விழும்?"

"சுத்தியும் கூட்டமா வாயு இருக்கும். அதுல ஒரசி ஒரசி வேகம் கொறைஞ்சா விழும்."

"கூட்டம் இருந்தாத்தானுங்களா?"

"கூட்டம் இருந்தாத்தான்."

தலையாட்டிவிட்டுக் கறிவேப்பிலை வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அது மன்றச் செயலாளர் மணியன் வீடு. மனைவிக்கும் வானியல் புரிந்துவிட்டதே என்று வாத்தியார் மகிழ்ந்தார்.

ஞாயிறு மதியம் ஊர் எல்லையில் வட்டமடிக்கப் போனவரை ஒரு லாரி மறித்து நின்றது. அதிலிருந்து வாசகர் மன்றமே இறங்கிக்கொண்டிருந்தது. ஆண்டு விழாவுக்குக்கூட வராதவர்களும் வந்திருந்தார்கள். எல்லோரும் ஸ்கூட்டரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"உங்க பேச்சை இங்கியே மாத்திட்டமுங்க சார்," என்றார் மணியன். "அஸ்தம்பட்டியில வெச்சா நாலு பேரு வருவாங்களா? அம்மணிதான் யோசனை சொன்னாங்க. அவங்கண்ணன் லாரியே அனுப்பிட்டாரு."

என்ஜின் நின்றது. பின்சீட்டிலிருந்து இறங்கிய தெய்வநாயகி சேலையைச் சரி செய்துகொண்டாள்.

"வேகம் கொறைஞ்சிருச்சுங்களா?"

விருந்து முடிந்து உரை நடந்தது. மன்றம் கயிற்றுக் கட்டில்களில் படுத்துக் கேட்டது. கண் மூடாமல் கேட்டவர் சென்னியம்மாள் மட்டும்தான். பேச்சு நன்றாக இருந்தது என்றார். இருந்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார். வேலுசாமி ஸ்கூட்டரில் ஒரு நடை போயிருந்தார்.

புதன்கிழமை ஏழாம் வகுப்புக்கு டிரில் வாத்தியார் அறிவியல் எடுத்தார்.