சாமி ஊதிய மெழுகுவத்தி

வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டகையில், மூச்சுச் சித்தர் அவதரித்தார். அவதரித்து மூன்றே மாதம். அதற்குள் ஞாயிற்றுக்கிழமையானால் ஷேர் ஆட்டோ நிறுத்த இடமில்லை. இளைப்புக்காரப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, சுற்றுவட்டாரக் கம்பெனி யூனிபாரம் அத்தனையும் வரிசையில் நின்றது. பூர்வாசிரமத்தில் அவர் பெயர் தணிகாசலம். படப்பையில் பலூன், வேடிக்கை மெழுகுவத்தி என்று பிறந்தநாள் சாமான் கடை வைத்திருந்தார். ஞானம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று யார் கண்டது?

முறை எளிது. பிள்ளை ஒரு மெழுகுவத்தியை ஊதும். அணைந்த வத்தி தானாகவே மறுபடி பற்றிக்கொள்ளும்.

"பாத்தியா? நெஞ்சுல குந்திகினு கீற பேய் கொளுத்துது!" என்பார் சித்தர். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

திருநீறு பூசி இன்னொரு மெழுகுவத்தியை நீட்டுவார். ஒரே ஊதல், அணைந்துவிடும். பேய் போயாச்சு! பேய் போன பிறகு, மூச்சுக்கு மருந்து உறிஞ்ச ஆஸ்பத்திரியில் கொடுத்த பம்பு எதற்கு? அதைப் பூட்டிய எவர்சில்வர் உண்டியலில் காணிக்கை போட்டுவிட வேண்டும். சாவி சித்தர் இடுப்பில்.

கார் கம்பெனி லைனில் வேலை செய்யும் உதயசூரியனும் இந்த ஞாயிறு காலை போட்டான். பெற்ற மகளுக்கு அறிவுமதி என்று பெயர் வைத்தவன்தான். அறிவை அவளுக்கே கொடுத்துவிட்டான் போலிருக்கிறது. ஏழு வயதுப் பெண், டிஸ்சார்ஜ் ஆகி மூன்று நாள். நர்ஸ் உமாதேவி பம்பு அடிக்கக் கற்றுக்கொடுத்து, பிள்ளையின் அம்மா இசைவாணியைச் செய்யவைத்துப் பார்த்து, எப்போது எத்தனை என்று தாளில் எழுதித்தான் அனுப்பினாள். அதோடு விட்டாளா? போனும் போட்டாள்.

இசைவாணிக்குக் கார் பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. அன்று ஓ.டி. டீ பிரேக்கில் போனை எடுத்தாள்.

"காலைல பம்பு அடிச்சாச்சா?"

"அவங்கப்பா அடிச்சிருப்பாரு மேடம்."

"இருப்பாருன்னா? கேட்டுச் சொல்லுங்க."

புருஷனுக்குப் போன் போட்டுக் கேட்டாள்; பம்பு சாமி உண்டியலில் என்றான். அடுத்த கால்மணியில் யூனிபாரத்தோடு கொட்டகையில் நின்றாள்.

உதயசூரியன் மறுபடியும் வரிசையில் இருந்தான். போன பேய் திரும்பிவிட்டதாம். அவன் தோளில் அறிவுமதியின் நெஞ்சு விசிலடித்தது. இசைவாணி வரிசையைத் தாண்டிச் சித்தர் எதிரே போய் நின்றாள்.

"உண்டியலத் தொற. என் பொண்ணு பம்பு வேணும்."

"காணிக்கையத் திருப்பிக் கேட்டா பேய் ரெட்டிப்பா வரும் தாயே."

"சாமிகிட்ட மல்லுக்கு நிக்காதம்மா!" என்றது கூட்டம்.

இசைவாணி இரண்டு மெழுகுவத்திகளையும் பார்த்தாள். "முன்னாடி அளக்க ஒரு கேஜு, பின்னாடி அளக்க வேற கேஜா? எங்க கம்பெனில இப்பிடி செஞ்சா கேட்டுக்கு வெளியே தள்ளிடுவாங்க." தானாகப் பற்றும் அந்த முதல் வத்தியைக் கொளுத்திச் சித்தர் மூக்குக்கு நேரே பிடித்தாள். "உன் நெஞ்சுலதான் பேய் இல்லியே. ஊது சாமி. அணைஞ்சா பம்பு உனக்கு."

கூட்டமே வாய் பிளந்து பார்க்கும்போது ஊதாமல் முடியுமா? ஊதினார். அணைந்தது. பற்றிக்கொண்டது. மறுபடி ஊதினார். மறுபடி பற்றியது.

"இன்னா சாமி, உன் உள்ள எத்தினி பேய் கீது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கொல்லென்று சிரிப்பு.

ரோஷத்தில் விடாமல் ஊதினார். பன்னிரண்டாவது ஊதலில் அவர் நெஞ்சும் விசிலடித்தது. கண் பிதுங்கியது. அட, சித்தருக்கும் இளைப்பு! இடுப்பிலிருந்து சாவியை உருவி, அவரே உண்டியலைத் திறந்து, உள்ளே துழாவினார்.

"மொதல்ல கொழந்த!" பிளாஸ்திரியில் 'அறிவுமதி' என்று உமாதேவி எழுதி ஒட்டிய பம்பை இசைவாணி பிடுங்கினாள். குலுக்கி, உண்டியலில் கூடவே கிடந்த பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி, பிள்ளை வாயில் வைத்தாள். மெதுவாக விசில் தணிந்தது. இசைவாணிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

சித்தர் இதற்குள் யார் பம்பையோ எடுத்து அவசரமாக உறிஞ்சினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "குலுக்கிட்டு இழு சாமி. பத்து எண்ற வரைக்கும் மூச்ச அடக்கு."

ஜனம் உண்டியலைக் கவிழ்த்து அவரவர் பம்பைத் தேடியது. உதயசூரியன் அசடு வழிய நின்றான்.

"வண்டிய எடு, ஆஸ்பத்திரிக்கு. நர்ஸம்மா ஒரு தபா பாக்கட்டும்," என்றாள் இசைவாணி. "லைன்ல ஒரு போல்ட்டு லூசா கீதுன்னா லைனையே நிறுத்துவியே. பெத்த பொண்ணு மூச்ச மட்டும் செக் பண்ணாமயே அனுப்பிடுவியா?"