பால் பாக்கெட்டுக்கு நடந்த பெரும்போர்

வாழ்க, முன்பல் இரண்டும் உதிர்ந்த முழுமதி முகத்தாள்! வாழ்க, இரண்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சை ஆளும் பேரரசி, எண்ணெய் வழியும் இரட்டைச் சடையாள், வாண்டு என்று வீடே அஞ்சி அழைக்கும் வீராங்கனை! புகையெனும் பெரும்பகையைப் பூண்டோடு ஒழிக்கப் புறப்பட்ட அவள் புகழைப் பாட, கரண்ட் கம்பத்துக் காக்கையே, குரல் கொடுத்து அருள்வாயாக!

பால் தீர்ந்துபோன ஒரு கொடிய காலைப்பொழுதில், வாசலில் தும்மினால் கேட்கும் தூரத்திலிருந்த முக்குக்கடைக்குச் செல்ல, தொப்பையே கேடயமாய், கொட்டாவியே போர்முரசாய்த் தன் மோட்டார் சைக்கிளில் ஏறினான் அவளுடைய சித்தப்பன். வாண்டு கேட்டை மறித்து முழங்கினாள்:

"சித்தப்பா, இறங்குங்க! வண்டி, கரண்ட், குப்பைன்னு நாம செய்யிற எல்லாத்தாலயும் எவ்வளவு கரிப்புகை வானத்துக்குப் போகுதோ, அதான் நம்ம கார்பன் தடம். அந்தப் புகை பூமிக்குக் கம்பளி போத்திவிடுது. வெயில்ல உங்களுக்குக் கம்பளி போத்தினா சும்மா இருப்பீங்களா? பக்கத்துக் கடைக்கு நடந்தே போகணும்னு டீச்சர் சொல்லிட்டாங்க!"

"பால் வாங்கப் போறவனை ஊரைக் கொளுத்தப் போறவன் மாதிரி மறிக்கிறியே! சரி, பந்தயம். நான் வண்டி, நீ நடை. கடை வாசலைத் தொட்டுட்டு யார் முதல்ல வர்றாங்களோ, ஒரு வாரம் வண்டிச் சாவி அவங்களுக்கு!"

ஐயகோ, சாவி! அது பறிபோனால் சலூனுக்கும் நண்பன் வீட்டுக்கும் அவன் தன் சொந்தக் கால்களால் அல்லவா நடக்க வேண்டும்! இடியென உறுமி முன்னே பறந்த அவனது இரும்புப் புரவி, கடை வாசலைத் தொட்டு வெற்றிக்களிப்போடு திரும்பும்போது, நடுத்தெருவில் முளைத்த மலைபோல் குப்பை லாரி குறுக்கே வந்து நிற்க, ஹாரன் என்னும் சங்கை ஊதி ஊதி அவன் நின்ற இடத்திலேயே புகை கக்கிக்கொண்டிருக்க, லாரிக்கும் மதிலுக்கும் இடையே பூனை தயங்கும் சந்தில், சடைகள் இரு வாள்களாய்ச் சுழல, ஒரு செருப்பைக் களப்பலியாய்க் கொடுத்துவிட்டுப் புகுந்து, கடையைத் தொட்டு, அதே சந்தில் மீண்டு, வீட்டு வாசலில் வந்து விழுந்தாள் நம் நாயகி.

வென்றாள் வாண்டு! சாவி அவள் கழுத்தில் வாகைமாலையாய் ஆடியது. சித்தப்பன் மகுடமிழந்த மன்னனாய்த் தலைகுனிந்தான். வானோர் பூமாரி பொழியக் கூடையைத் தூக்கிய நேரம், வேலைக்குக் கிளம்ப வேண்டிய அம்மா வெளியே வந்தாள்.

"ஏன் தம்பி, அவதான் சின்னப்பிள்ளை, நீங்களுமா? லைட்டு எரியுது, ஃபேன் சுத்துது, டிவி யாருக்குன்னே தெரியாம பாடுது. அது கிடக்கட்டும், பால் எங்க?"

வென்றவள் தோற்றவனை நோக்கினாள். தோற்றவன் வென்றவளை நோக்கினான். நான்கு கரங்களும் அண்டவெளிபோல் வெறுமையாய் இருந்தன.

அம்மா எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, நடந்து போய்ப் பால் வாங்கி வந்தாள்.