வியாழனுக்குப் புறப்படும் கணவனிடம் என்ன பேசுவது

காஞ்சிபுரம்,
வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

அண்ட சராசரங்களை ஒரு தகரக் கொட்டகைக்குள் அடைத்துப் படமெடுத்த பெருமைக்குரியவனும், என் அக்கா புவனேஸ்வரியின் ஒரே மகனும், ஆகையால் எனக்கு மருமகன் முறையாகிறவனுமாகிய சிரஞ்சீவி குருவுக்கு, உன் தாயின் தம்பியும், ஆகையால் உனக்குத் தாய்மாமனும், காந்தி ரோட்டில் பாதி ஆயுளை நின்றபடியே கழித்துப் பட்டுக்கடைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவனுமாகிய கலியன் மிகுந்த ஆயாசத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலமாகவும் இருக்கிறோமா என்பது, இதைப் படித்துவிட்டு நீ என்ன செய்கிறாய் என்பதைப் பொறுத்தது. சென்னையில் உனக்குத் தண்ணீரும் தூக்கமும் தடையில்லாமல் கிடைக்க வேண்டுகிறேன்.

உனக்குப் போன் செய்து செய்து என் கட்டைவிரல் தேய்ந்து மற்ற விரல்களைவிடக் குட்டையாகிவிட்டது. நீ எடுக்கவில்லை. எடுக்காதவன் புதன்கிழமை மட்டும் ஒரு குரல் செய்தி அனுப்பினாய். "மாமா, தேவிக்கு டப்பிங்ல வேற பொண்ணு குரல் வெச்சிடலாம்னு இருக்கேன். அது வாயத் தொறந்தா மரக்கட்டை மாதிரி இருக்குது. நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. திங்கக்கிழமை ஆரம்பிக்கறோம்." நான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் போன் சூடேறி, அதில் தோசை வார்க்கலாம் போல ஆயிற்று. பக்குவமாகச் சொல்லவேண்டுமாமே. பெற்ற பெண்ணிடம் போய், உன் முகம் போதும், உன் குரல் வேண்டாம் என்பதைப் பக்குவமாக எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து இரண்டு நாளாக நான் அவளிடம் தண்ணீர்கூடக் கேட்காமல் நானே மொண்டு குடிக்கிறேன். இன்னும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

தேவி யார் என்பதை உனக்கு நினைவூட்டுகிறேன். என் ஒரே மகளும் உன் மாமன் மகளுமான தேவிப்ரியா, நீ எடுத்த 'வியாழன் வாசல்' முதல் படத்தில் தலைக்கு வெள்ளை முடி ஒட்டிக்கொண்டு கதாநாயகனின் அம்மாவாக வந்தாள். காணாமல் போன தகப்பனைத் தேடி மகன் ராக்கெட் ஏறுகிறான். அப்போது அவளுக்கு நீ கொடுத்த வசனம் ஒன்றே ஒன்று. "ஜன்னலோரம் உக்காராதடா, காத்து ஒத்துக்காது." அவ்வளவுதான். ராக்கெட்டில் ஏது ஜன்னல், ஏது காற்று என்று தியேட்டர் முதலில் சிரித்தது. அவள் முகத்தைக் காட்டினாய். சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகை வந்துவிட்டது. பாலாற்றில் மணலைத் தவிர எதுவும் ஓடுவதில்லை என்று புலம்புகிறவர்கள் அன்று தியேட்டர் வாசலில் நின்றிருந்தால் வெள்ளத்தைப் பார்த்திருப்பார்கள். மாகறலிலிருந்து வந்திருந்த ஒருவர் தம் செருப்பு மிதந்து போனதாக என்னிடமே சொன்னார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முன்னால் வந்த கதைக்கும் முன்னால் நடந்த கதையைப் பின்னால் எடுக்கிறேன் என்று கிளம்பினாய். இந்த ஏற்பாட்டை உன் அத்தைக்கு விளக்கிவிட்டு நான் ஒரு மணி நேரம் படுத்துவிட்டேன். சரி, அம்மாவின் இளமைப் பருவம், அப்பா வியாழனுக்குப் போன கதை, நல்லதுதான். ஆனால் போகிற அப்பா திரும்பி வரமாட்டார் என்பது முதல் படம் பார்த்த பால்காரருக்கும் தெரியும். தெரிந்த முடிவைத் தெரியாததுபோலப் பேசவேண்டிய ஜனங்கள், உன் படத்தில் எல்லாம் தெரிந்தவர்களாகவே பிறந்து, அதை ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்திக்கொண்டே சாகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தத்துக்கெல்லாம் போட்டுக் காட்டினாயே, அதைச் சொல்கிறேன். உன் தயாரிப்பாளர் ஜினகுமார், அவர்கள் ஜைன வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிறவர். அதனால் பட்டப்பகலில் கல்யாண மண்டபத்தை எடுத்து, ஜன்னலுக்கெல்லாம் பந்தி ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, அவரை முன் வரிசையில் உட்கார வைத்தாய். உள்ளே காற்று இல்லை. ஆக்சிஜன் தட்டுப்பாடு பற்றிய படம் என்பதால் அதுவும் உன் ஏற்பாடு என்று நினைத்தோம். காதல் காட்சி வந்தது. நாயகன் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் கண்களுக்கு இருக்கும் ஈர்ப்பு விசை, பூமியைவிட இரண்டரை மடங்கு ஈர்ப்பு விசை கொண்ட வியாழனுக்கும் இல்லை" என்றான். என் மகள் அவனைப் பார்த்தாள். பரீட்சை ஹாலில் பக்கத்து பெஞ்சுக்காரன் விடையைச் சத்தமாகச் சொன்னால் ஒரு பெண் எப்படிப் பார்ப்பாளோ, அப்படிப் பார்த்தாள். வேறு எப்படிப் பார்க்க முடியும். மண்டபத்தில் முதல் சிரிப்பு அங்கேதான் எழுந்தது. நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனவன், எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு, கடைசிப் பாட்டுக்குத்தான் உள்ளே வந்தாய்.

அதற்குள் அந்தப் பிரியும் காட்சி வந்துவிட்டது. ராக்கெட் புகைகிறது. அவன் உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு நிற்கிறான். அவனுடைய ஹெல்மெட் அவள் கையில். அவள் வாயைத் திறந்து, "அன்பரே, நம் கூட்டமைப்பின் தலைமைப் பொறியாளரும் என் கணவருமான தாங்கள், ஆக்சிஜன் தட்டுப்பாட்டின் காரணமாக வியாழனுக்குப் புறப்படும் இந்த வேளையில்" என்று ஆரம்பித்தாள். அந்த இடத்தில் யாருடைய காலோ ஒயரில் பட்டு, சவுண்ட் பாக்ஸ் செத்துப்போனது. யாருடைய கால் என்று விசாரிப்பது இந்தக் கடிதத்தின் நோக்கமல்ல. சவுண்ட் போட வந்திருந்த தினேஷ் இருட்டில் தடவித் தடவி, "ஒரு நிமிஷம்பா, யாரும் எழுந்துக்காதீங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மருமகனே, நீ பார்க்காதது இதுதான். சத்தமில்லாமல் என் மகள் நிற்கிறாள். ஹெல்மெட்டின் கண்ணாடியை முந்தானையால் துடைக்கிறாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைக்கிறாள். அவன் கை நீட்டுகிறான். அவள் அதைப் பார்க்காததுபோல இன்னொரு தரம் துடைக்கிறாள். மண்டபத்தில் பாக்கு மெல்லுகிற வாய்கூட நின்றுவிட்டது. உன்னைப் பெற்றவளும் எனக்கு அக்காவுமான புவனேஸ்வரி, திரையைப் பார்த்து, "குடுக்காதடி. குடுத்தா போயிடுவான்" என்றாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் வரிசை வரிசையாகக் கிளம்பியது. ஜினகுமார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், அவரும் துடைத்த இடத்தையே துடைத்தார்.

அப்போது பார்த்துத் தினேஷுக்கு ஒயர் கிடைத்துவிட்டது. "ஆகவே என் வயிற்றில் வளரும் நம் மகன் பிற்காலத்தில் தங்களைத் தேடி வருவான் என்று என் உள்மனம் சொல்கிறது" என்று மகள் முழங்கினாள். "ஆம் மனைவியே, என் உள்மனமும் அதையே சொல்கிறது" என்றான் அவன். உன் அம்மா கண்ணீர் காயாத கன்னத்தோடு சிரித்த சிரிப்பில் ஒரு ஜமுக்காளம் அவிழ்ந்து விழுந்தது. அதே முகம், அதே ஹெல்மெட், அதே முந்தானை. பேச்சுதான் வந்து சேர்ந்தது. தறியில் நெடுக்கே பட்டில் பாவு போட்டுவிட்டு குறுக்கே சணலில் ஊடை ஓட்டினால், பாவு இழையைப் போய் ஏனம்மா நீ சொரசொரப்பாக இருக்கிறாய் என்று கேட்பாயா?

வீட்டுக்கு வந்ததும் தேவி, "எனக்கு நடிக்க வரலபா. உட்டுடு" என்றாள். நான், வசனம் அப்படிம்மா என்றேன். "நல்ல நடிகையா இருந்தா அதையும் நல்லா சொல்லியிருப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்த வாதத்தை முறியடிக்காமல் எனக்கு உறக்கம் இல்லை என்று சபதமிட்டு, மறுநாள் காலை முதல் உன் வசன நடையிலேயே ஊரோடு பேசுவது என்று தீர்மானித்தேன். மனிதனால் அதை நன்றாகப் பேச முடிகிறதா என்று சோதித்துவிடலாம் அல்லவா.

முதலில் இட்லிக் கடை. "மாணிக்கவேலே, இந்தக் கடையின் உரிமையாளனும் என் பள்ளித் தோழனுமாகிய நீ, அரிசியும் உளுந்தும் கொண்டு அவித்த இட்லிகளில் இரண்டை எனக்குத் தருவாயாக, ஏனெனில் எனக்குப் பசிக்கிறது" என்றேன், முகத்தில் நவரசங்களில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வைத்துக்கொண்டு. மாணிக்கவேல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்தான். "இன்னா கலியா, யார் போயிட்டாங்க?" என்றான். யாரும் போகவில்லை என்று நான் எவ்வளவு சொல்லியும் நம்பாமல் பெஞ்சில் உட்காரவைத்து விசிறினான். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. "ஓட்டுநரே, இந்த ஆட்டோ ஐயம்பேட்டை வழியாக வாலாஜாபாத் செல்லும் என்பதை நாம் இருவருமே அறிவோம்" என்றேன். "அறிஞ்சிக்கினு இன்னாத்துக்கு நிக்கற பெர்சு, ஏறு" என்றான். ஏறினேன். பக்கத்தில் இருந்த அம்மாள் கூடையோடு முன் சீட்டுக்கு மாறிப் போய்விட்டாள்.

மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, "எனக்கு மனைவியும் தேவிப்ரியாவுக்குத் தாயுமாகிய தேவகியே" என்று ஆரம்பித்ததுதான் தாமதம். உன் அத்தை அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "டாக்டர் இன்னா சொன்னாரு?" என்றாள். நான் உப்பு கேட்கத்தான் கூப்பிட்டேன் என்று சத்தியம் செய்ய, அவள் அழ, அதற்குள் சாம்பார் ஆறிப்போய், தேவி உள்ளேயிருந்து வந்து, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்துவிட்டு, "நீயாவது உப்பு கேட்டபா. படத்துல நான் அது கூட கேக்கல" என்றாள்.

ஊர் உலகத்தில் நடப்பது இதுதான், மருமகனே. தெரிந்த விஷயத்தை ஒருவன் நம்மிடமே விளக்க ஆரம்பித்தால், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறுகிறோம், அல்லது சிரிக்கிறோம். நம் தேசத்து நடிகர் திலகங்கள் அத்தனை பேரையும் லாரியில் ஏற்றி வந்து நிறுத்தினாலும் அந்த வசனத்தைப் பேசும்போது அவர்கள் முகம் பேங்க் கவுண்டரில் இருப்பவர் முகமாகத்தான் இருக்கும். நான் ஓடுகிற காரிடம் பேசிப் பிழைத்தவன். கண்ணாடி ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு வாக்கியம் உள்ளே போகவேண்டும். "சும்மா பாத்துட்டு போங்கம்மா." அதற்குப் பதில், அம்மணி, பட்டு என்பது புழுவின் கூட்டிலிருந்து கிடைப்பது என்பதைத் தாங்கள் அறிவீர்கள் என்று ஆரம்பித்திருந்தால், நான் முற்றுப்புள்ளி வைப்பதற்குள் அந்தக் கார் செங்கல்பட்டு தாண்டியிருக்கும். என்னையும் மரக்கட்டை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே என் தீர்ப்பு. குரலை மாற்றாதே. வேறு எந்தப் பெண்ணை வைத்துப் பேசினாலும் அவளும் மரக்கட்டையாவாள், பிறகு அவளுக்கும் ஒரு தகப்பன் கடிதம் எழுதவேண்டியிருக்கும். அவள் வாய் அசைவது படத்தில் இருக்கிறது, அதை அழிக்க முடியாது என்பாய். அழிக்காதே. பின்னால் ஒரு ராக்கெட் நிற்கிறதல்லவா, அதைக் கிளப்பு. அவள் அன்பரே என்று வாயெடுக்கும்போதே ராக்கெட் சத்தத்தை ஏற்று. காஞ்சிபுரத்து நாய்களெல்லாம் கட்டிலுக்கடியில் ஒளிகிற அளவுக்கு ஏற்று. அவள் ஏதோ சொல்கிறாள், அவனுக்குக் கேட்கவில்லை, நமக்கும் கேட்கவில்லை. என்ன சொன்னாள் என்பதை அவரவர் வீட்டிலிருந்து ஊருக்குப் போனவர்களை நினைத்து அவரவர் எழுதிக்கொள்வார்கள். உன்னைவிட நன்றாகவே எழுதுவார்கள்.

ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும், தங்களுக்குள் எந்த விஷயத்திலும் தலையிட்டுக்கொள்ளாதவர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுகூடி, உன் பேனாவில் மையைக் குறைத்து உன் காதுகளுக்குக் கூர்மையைக் கூட்டுவார்களாக. உன் அம்மாவை விசாரித்ததாகச் சொல். ஜினகுமாருக்கு என் வணக்கம், பொழுது சாய்வதற்குள் சொல்லிவிடு.

இப்படிக்கு,
களைத்துப்போன உன் தாய்மாமன்,
கலியன்.

பின்குறிப்பு: இதை உறையில் போடுமுன் உன் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். முடிவுவரை பொறுமையாகக் கேட்டாள். "அவன் அம்மா யாரு, மாமன் யாரு, அவன் எடுத்த படத்துல இன்னா வருது, ஜினகுமார் எப்ப சாப்புடுவாரு, எல்லாம் அவனுக்குத் தெரியாதா? நீங்க அவனத் திட்டறீங்களா, இல்ல அவனுக்கு அடுத்த படத்துக்கு வசனம் எழுதிக் குடுக்கறீங்களா?" என்றாள். யோசித்துப் பார்த்ததில், மேலே உள்ளவற்றில் உனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். சத்தம் போனபோது உன் அம்மா அழுதாள். மீதியையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். நானே அடித்திருப்பேன், அதற்குள் தேவி வந்து காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். நீ அனுப்பிய செய்தி, மரக்கட்டை, வேறு குரல், எல்லாவற்றையும். நான் பக்குவமாக என்ன சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன். அவள் காகிதத்தை மடித்து உறையில் போட்டாள். உறையின் ஓரத்தை விரலால் நீவினாள். நீவிய இடத்தையே மறுபடியும் நீவினாள். பிறகு என் கையில் கொடுத்து, "கூரியர்க்காரன் கடைய சாத்திடப் போறான்பா" என்றாள். வாங்கிப் பிரித்து இதை மட்டும் சேர்த்திருக்கிறேன். ஓடுகிறேன்.