சைக்கிளிலிருந்து விழுந்த மண்ணீரல்

பொய் சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று இருபத்தைந்து வயது வரைக்கும் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையையும் என் மண்ணீரலையும் ஒரே மாதத்தில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் பறிகொடுத்தேன்.

சமஸ்தானம் கலைந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். திருமயம் பக்கத்துப் பெண் ஒருத்திக்கும் எனக்கும் பரிசம் போட்டாயிற்று. பெண்ணின் அப்பா கறாரானவர். “மாப்ளே, தாலி கட்டுற வரைக்கும் மஞ்சுவிரட்டுப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது. மீறுனா கல்யாணம் கெடையாது” என்றார். நானும் மீசையைத் தடவிக்கொண்டு தலையாட்டினேன். (நாலே நாலு மயிர். அதற்குப் பெயர் மீசை.)

அடுத்த வாரமே நார்த்தாமலைப் பக்கம் மஞ்சுவிரட்டு. வேடிக்கை பார்க்கத்தான் போனேன், சத்தியமாக. ஒரு செவலைக் காளை வந்தது. ‘இதென்ன பிரமாதம்’ என்று திமிலைத் தொட்டேன். அது என் இடது விலாவைத் தொட்டது.

கண் விழித்தபோது வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல். மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கொட்டியதால் அதை எடுத்துவிட்டதாக டாக்டர் சொன்னார். உயிர் பிழைத்த சந்தோஷத்தைவிட, கல்யாணம் போய்விடுமே என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. “சைக்கிள்லேருந்து விழுந்தேன்னு சொல்லிருங்க” என்று வீட்டாரிடம் கெஞ்சி ஏற்பாடு செய்தேன்.

எட்டாம் நாள் பெண்ணின் அப்பா சாத்துக்குடிப் பையோடு வந்தார். கதையை எடுத்துவிட்டேன். குறுக்கே வந்த ஆடு, பிடிக்காத பிரேக்கு, எல்லாம் உண்டு. மனிதர் கண்கலங்கிவிட்டார். (என் திறமை அப்படி.)

அந்த நேரம் பார்த்து அறந்தாங்கியிலிருந்து என் அத்தை தூக்குச்சட்டியோடு நுழைந்தாள். எங்கள் ஏற்பாடு அவளுக்குத் தெரியாது. எனக்குக் கஞ்சி மட்டும்தான் என்று டாக்டர் சொன்னதும் தெரியாது. சட்டிக்குள் மிளகு போட்டு வறுத்த சுவரொட்டி. ஆட்டின் மண்ணீரலுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். போன உறுப்பைத் தின்றால் போனது வளரும் என்பது அத்தையின் வைத்தியம்.

“தின்னுய்யா! அந்தச் செவலை மாடு முட்டி ஒண்ணு போனா என்ன, நான் ஒம்பது உள்ள தள்ளுறேன்!”

பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். சாத்துக்குடிப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். எழுந்து ஓடிக் காலில் விழலாம் என்று பார்த்தேன், தையல் விடவில்லை.

நாலு நாள் கஞ்சியைக்கூடத் தொடாமல் திருப்பி அனுப்பினேன். ஐந்தாம் நாள் டாக்டர் தையலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெண்ணின் அப்பாவே வந்தார், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

“பரிசத்தை முறிக்கத்தான் கெளம்புனேன். எம்பொண்ணு விடமாட்டேங்குது. டாக்டருக்கு ஒரு சேதி சொல்லிவிட்டுருக்கு.”

“என்ன மாமா?”

“‘வயித்தைத் தச்சதுதான் தச்சீக, அப்படியே அந்தப் பொய் சொல்ற வாயையும் சேத்துத் தச்சு அனுப்புங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்’னு.”

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. இன்றைக்கும் நான் எதையாவது அளக்க ஆரம்பித்தால் போதும், எங்கள் பிள்ளைகள் அடுப்படியைப் பார்த்துக் கத்துகிறார்கள்: “ஆத்தா, ஊசி நூலோட சீக்கிரம் வாங்க!”