ஒரே சனிக்கிழமையில் உலகத்தை ஐந்து முறை சுற்றிய வேன்

திங்கள் காலையில் சோல்ருனுக்கு முன்பே அவளுடைய இடது முழங்கால் விழித்துக்கொண்டது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மீன் ஆலையின் ஈரத் தரையில் நின்று மீன் வெட்டிய கால் அது. வலிப்பதற்கு அதற்கு முழு உரிமை உண்டு. வீட்டில் குளிர் வேறு. சூடேற்றும் எண்ணெய்த் தொட்டி வெள்ளிக்கிழமையே காலி. கையில் பணத்தைக் காட்டாமல் எண்ணெய்க்காரன் குழாயை நீட்டமாட்டான். காட்டவேண்டிய நாலாயிரம் குரோனரோ வாடகை வண்டி நிறுவனத்திடம் முன்பணமாகக் கிடந்தது. இப்படியாக ஒரு தொழிலாளியின் முழங்காலும் மனித நாகரிகத்தின் தலையாய கண்டுபிடிப்பும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன.

அந்தக் கண்டுபிடிப்பின் பெயர் 'பொறுப்பு'. சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் சக்கரத்தில் கீறல் விழுந்தால் யார் தலையில் எழுதுவது என்று யோசிக்காமலே செத்துப்போனான். அந்தக் குறையைப் போக்கவே ஃப்ளெம்மிங் அவர்கள் கோபன்ஹேகனிலிருந்து கடல் தாண்டி, கிளாக்ஸ்விக் துறைமுகத்துக்கு 'பொறுப்பு மேலாளராக' எழுந்தருளினார்.

அவர் வருவதற்கு முன்னால் எங்கள் ஃபாரோ தீவுகளில் வாடகை வண்டியைத் திருப்பித் தருவது மிகவும் பின்தங்கிய நிலையில் இருந்தது. அலுவலக வாசலில் வண்டியை நிறுத்துவார்கள், சாவியை அதிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஊரில் எல்லா வண்டியிலும் சாவி அதன் துளையிலேயேதான் இருக்கும். திருடிக்கொண்டு எங்கே போவது, சுற்றிலும் கடல். வேலைக்காரன் மோர்த்தன் திங்கட்கிழமை வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பான். பள்ளம் இருந்தால் போன் போட்டு, "எங்க கொண்டுபோய் மோதினக்கா?" என்பான். மோதினவர்கள் சொல்லிவிடுவார்கள். இவ்வளவுதான் நிர்வாகம்.

ஃப்ளெம்மிங் அவர்கள் இதையெல்லாம் மாற்றினார். மோர்த்தன் கையில் ஒரு தொடுதிரைப் பலகை வந்தது. அதில் சேதத்துக்கு நாற்பது கட்டங்கள் இருந்தன. சாவியை வண்டியிலேயே விடும் வழக்கத்தில் மட்டும் அவர் கைவைக்கவில்லை. சனிக்கிழமை மதியத்துக்குமேல் ஆள் போட்டால் சம்பளம் தரவேண்டும் என்பதால், அதை 'உள்ளூர்ப் பண்பாடு' என்று போற்றிப் பாதுகாத்தார்.

சோல்ருன் வேன் எடுத்தது ஆட்டுக்காக. அக்டோபர், ஆடு அடிக்கும் மாதம். அவளுடைய சொந்தக் கார் பட்டறையில் பிரித்துப் போட்டபடி கிடந்தது. வியாரெய்தி ஊரில் அவளுடைய அப்பா வழிப் பங்கு ஆறு ஆடு. தோலுரித்த ஆறையும் கொண்டுவந்து காற்றில் உலரத் தொங்கவிட்டாக வேண்டும். சனிக்கிழமை காலை வெள்ளை வேனை வாடகைக்கு எடுத்தாள். போனாள், ஏற்றினாள், இறக்கினாள், தொங்கவிட்டாள். மாலையில் பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பிவிட்டுக் காசு கட்ட உள்ளே போனாள். வெளியே வந்தபோது மழை படுக்கைவாட்டில் அடித்தது. அந்தக் காற்றில் யாரும் தலையை நிமிர்த்துவதில்லை. குனிந்தபடியே வெள்ளைக் கதவைத் திறந்தாள், ஏறினாள், இருந்த சாவியைத் திருகினாள். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. வீக்கம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அலுவலகம் அங்கிருந்து கூப்பிடு தூரம். நிறுத்தினாள், நடந்தாள், வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.

திங்கட்கிழமை ஆலைக்கே அழைப்பு வந்தது. ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு, ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் போனாள்.

"உக்காருங்க சோல்ருன்," என்றார் ஃப்ளெம்மிங். குரலில் அப்படி ஒரு கனிவு. "முதல்ல ஒரு நல்ல செய்தி. இங்க யாரும் உங்கமேல கோவமா இல்ல."

"அப்ப பணத்தக் குடுங்க. பெல்ட்டுல மீன் ஓடிக்கிட்டிருக்கு."

"பணம் கடைசிப் படி. முதல் படி, ஏத்துக்கறது."

"எத?"

"அது ரெண்டாவது படி. மோர்த்தன், வாசி."

மோர்த்தன் பலகையைப் பார்த்தான். சோல்ருனைப் பார்க்கவில்லை. இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

"ஒண்ணு. இடது கதவுல நெளிவு. ஆட்டுத் தலை அளவு. ரெண்டு. பக்கக் கண்ணாடி ஒடஞ்சு, கறுப்பு டேப் சுத்தியிருக்கு. பழைய டேப்."

"சனிக்கிழம காலைல குடுத்த வண்டில எப்பிடிடா பழைய டேப் இருக்கும்?"

"கடுமையான பயன்பாடு," என்றார் ஃப்ளெம்மிங்.

"மூணு. சீட்ட நாய் கடிச்சிருக்கு."

"எனக்கு நாயே கெடையாது. ஒனக்குத் தெரியாதா மோர்த்தன்?"

"எழுதிக்க மோர்த்தன்," என்றார் ஃப்ளெம்மிங். "அடுத்தவங்க நாய்."

"நாலு. டேங்க் காலி."

சோல்ருன் பூட்ஸ் கால் தரையில் பதிய எழுந்து நின்றாள். "நான் ரொப்பினேன். இதோ ரசீது."

ஃப்ளெம்மிங் ரசீதை மரியாதையோடு இரண்டு கையாலும் வாங்கிப் படித்தார். "இது டீசல் வாங்கினதுக்குத்தான் ஆதாரம். வண்டில ஊத்தினதுக்கு இல்ல."

"ஊத்தாம? குடிச்சிட்டேனா?"

மோர்த்தனின் விரல் பலகையில் மேலும் கீழும் போய்வந்தது. அதற்குக் கட்டம் இருக்கிறதா என்று தேடுகிறான் என்பது தெரிந்தது. இல்லை போலும், மேலே படித்தான்.

"அஞ்சு. ரெண்டு பக்கமும் இருந்த கம்பெனிப் பேரு இல்ல. ஆறு. நம்பர் பலகை மாறியிருக்கு."

ஃப்ளெம்மிங் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இறுதிச் சடங்குகளில் பாதிரியார் அப்படி வைப்பார். "பேரைச் சுரண்டினவங்களப் பாத்திருக்கேன். நம்பர மாத்தினவங்களப் பாத்திருக்கேன். ரெண்டையும் பண்ணிட்டு, வண்டிய எங்க வாசல்லயே கொண்டுவந்து விட்டுட்டுப் போனவங்கள இப்பத்தான் பாக்கறேன். ஏன் சோல்ருன்? வீட்டுல ஏதாவது கஷ்டமா?"

"கஷ்டந்தான். எண்ணெ இல்ல."

"ஏழு," என்றான் மோர்த்தன். "எடுத்தப்ப ஒம்பதாயிரம் கிலோமீட்டர். இப்ப ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரம்."

பொறுப்பு என்ற விஞ்ஞானம் எவ்வளவு துல்லியமானது என்பதை அடுத்து நடந்ததிலிருந்து உணரலாம். ஃப்ளெம்மிங் ஒருவிநாடிகூடத் திகைக்கவில்லை. கணக்குப் பொறியைத் தட்டினார். சனிக்கிழமை காலையிலிருந்து மாலைக்குள் இரண்டு லட்சத்து ஐயாயிரம் கிலோமீட்டர். அனுமதித்ததற்கு மேல் ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரண்டு குரோனர். சலுகைத் தூரத்தைக் கழிக்காமல் பார்த்தால், நாலு லட்சத்துப் பத்தாயிரம்.

"உலகத்தச் சுத்தினா நாப்பதாயிரம்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்தாங்க," என்றாள் சோல்ருன். "அஞ்சு தடவ சுத்தியிருக்கேன். நடுவுல ஆறு ஆட்டையும் தொங்கவிட்டிருக்கேன். அப்பிடியும் முழங்கால்தான் வலிக்குது."

"வேக வரம்ப மீறினதத் தனியாப் பாப்போம்," என்றார் ஃப்ளெம்மிங். கேலி என்பது அவருக்குப் பழக்கமில்லாத பொருள்.

சோல்ருன் நொண்டிக்கொண்டே ஜன்னலுக்குப் போனாள். வாசலில் வெள்ளை வேன் நின்றது. இரண்டு பக்கமும் நிறுவனத்தின் பெயர் புத்தம்புதிதாக ஒட்டியிருந்தது. இடது கதவு வழுவழுவென்று நிமிர்ந்திருந்தது. முதலில் பழுதுபார்ப்பது, பிறகு விசாரிப்பது என்பது ஃப்ளெம்மிங் அவர்களின் வேகம். ஆனால் பின்கண்ணாடியில் சணல் கயிற்றில் கட்டிய ஆட்டுக் கொம்பு தொங்கியது. கிளாக்ஸ்விக்கில் பச்சைக் குழந்தைக்கும் அந்தக் கொம்பு தெரியும்.

"மோர்த்தன்," என்றாள், திரும்பாமல். "இது ஹால்வ்தான் வண்டிதான?"

மோர்த்தன் கூரையைப் பார்த்தான்.

"பாத்ததுமே தெரிஞ்சுதா ஒனக்கு?"

"தெரிஞ்சுதுக்கா. ஆனா இதுல 'ஹால்வ்தான் வண்டி'ன்னு கட்டம் இல்ல. நாப்பதையும் தேடிப் பாத்துட்டேன்."

"வாய் இருக்கில்ல?"

"வாய உபயோகிக்க வேணாம்னு போன மாசம் கூட்டத்துல சொல்லிட்டாங்க."

ஃப்ளெம்மிங் கையை உயர்த்தினார். "யாரோட வண்டிங்கறது உரிமை சம்பந்தப்பட்டது. நாம பேசறது சேதம் சம்பந்தப்பட்டது. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது."

சோல்ருன் அவரைக் குழப்பவில்லை. ஹால்வ்தானுக்குப் போன் போட்டாள். அவன் ஆட்டுக்காரன், ஆள் கட்டை குட்டை. சீட்டை ஸ்டீயரிங்கோடு ஒட்டவைத்துக்கொண்டு ஓட்டுகிறவன் ஊரிலேயே அவன் ஒருவன்தான். காப்பி ஆறுவதற்குள் நிறுவனத்தின் உண்மையான வேனில், நாயைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வந்து இறங்கினான்.

"சனிக்கிழம பெட்ரோல் பங்க்லேருந்து எடுத்துட்டு வந்ததுலேருந்து ஹீட்டர் வேல செய்யுது சோல்ருன்," என்றான் வாசலிலேயே. "டேங்க் ரொம்பியிருக்கு. எல்லாம் பொண்டாட்டி வேலன்னு நெனச்சேன். கேட்டா, நான் ஒண்ணும் பண்ணலைங்கறா. உதவியும் பண்ணிட்டு மறைக்கவும் செய்றாளேன்னு ரெண்டு நாளா அவகிட்ட அவ்வளவு பிரியமா இருந்தேன். இப்ப போய் என்னத்தச் சொல்றது?"

"பக்கவாட்டுல அவ்வளவு பெருசா பேரு எழுதியிருக்கே, பாக்கலியா?" என்று கேட்டான் மோர்த்தன்.

"பாத்தேன். காத்து எங்கிருந்தோ கொண்டாந்து ஒட்டிருச்சுன்னு நெனச்சேன்."

அவன் தன் வண்டியைச் சுற்றி வந்தான். இடது கதவருகே நின்றுவிட்டான்.

"என் நெளிவு எங்க?"

"சரிசெஞ்சாச்சு," என்றார் ஃப்ளெம்மிங்.

"யாரக் கேட்டு? அது என் பெரிய கெடா முட்டின நெளிவு. போன வருஷம் அத அடிச்சாச்சு. அதுக்கு வேற படம் கெடையாது எங்கிட்ட."

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் இரண்டு சாவியையும் கைமாற்றிவிட்டு, முன்பணத்தை எண்ணிக் கொடுத்து, ஒரு மன்னிப்பும் கேட்டிருப்பான். ஃப்ளெம்மிங் அவர்கள் சாதாரண மனிதர் அல்லர். காலையில் அவருக்கு ஒரே ஒரு பொறுப்பாளிதான் கிடைத்திருந்தாள்; இப்போது மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். முகம் மலர்ந்துவிட்டது. மூன்று படிவங்களை எடுத்தார்.

கிலோமீட்டர் கட்டணத்தை முதலில் தள்ளுபடி செய்தார். அந்தப் பெருந்தன்மையை யாரும் பாராட்டாதது அவருக்கு வருத்தம்தான். பிறகு தீர்ப்பு. சோல்ருன் நிறுவனத்தின் வேனை இரண்டு நாள் தாமதமாகத் திருப்பியிருக்கிறாள். பதிவு செய்யாத ஓட்டுநரிடம் விட்டிருக்கிறாள். பதிவு செய்யாத நாயும் ஏறியிருக்கிறது. இதோடு விசாரணைக் கட்டணம். எல்லாவற்றையும் கூட்டினார். கூட்டல் எங்கெங்கோ சுற்றிவிட்டுச் சரியாக நாலாயிரத்தில் வந்து நின்றது. ஹால்வ்தான் தன் வேனை நிறுவனத்தின் இடத்தில் இரண்டு நாள் நிறுத்தியதற்கும், கதவு அழகுபடுத்தப்பட்டதற்கும் கட்டவேண்டும். மோர்த்தன் தெரிந்தும் சொல்லாததற்குச் சம்பளத்தில் பிடித்தம்.

"சொன்னா?" என்றான் மோர்த்தன்.

"வாய உபயோகிச்சதுக்குப் பிடித்தம்."

எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு பலவீனம் உண்டு. செய்ததைச் செய்யவில்லை என்று சொல்ல அவர்களுக்கு வராது. சோல்ருன் படிவத்தைப் படித்தாள். 'நான் தவறான வண்டியில் ஏறினேன்' என்று இருந்தது. ஏறியது ஏறியதுதானே. கையெழுத்துப் போட்டாள். ஹால்வ்தானும் போட்டான். மோர்த்தன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போட்டான்.

பேனாவை வைக்கும்போது சோல்ருன் கேட்டாள்: "அடுத்தவன் வண்டின்னு யோசிக்காம, நம்பர் வேறன்னு தெரிஞ்சும், பேர ஒட்டி, கதவ நிமித்தினது யாரு? அதுக்குக் கையெழுத்து எங்க?"

"நான் பொறுப்பு மேலாளர்," என்றார் ஃப்ளெம்மிங் பொறுமையாக. "பொறுப்ப நிர்வகிக்கறவன். ஏத்துக்கறது வேற துறை."

"அந்தத் துறை எங்க இருக்கு?"

"வாடிக்கையாளர்கள்தான் அந்தத் துறை."

அவள் ஆலைக்குத் திரும்பினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்ததால் அங்கேயும் கூலியில் பிடித்தார்கள்.

சாயங்காலம் குளிர்ந்த வீட்டில் முழங்காலைத் துணியால் சுற்றிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தபோது, பின்பக்கம் தகரம் உருளும் சத்தம் கேட்டது. ஹால்வ்தான் இரண்டு பெரிய கேன்களைத் தூக்கிவந்து எண்ணெய்த் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். நாய் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது.

"என்னப்பா பண்ற?"

"ஒன் டீசல்ல ரெண்டு நாள் ஓட்டிட்டேன். அது என் கணக்கு."

"அதுக்கு இவ்வளவு வராதே."

"ஹீட்டர் போட்டுக்கிட்டு ஓட்டினேன்ல."

படிவம் இல்லை, கையெழுத்து இல்லை, கட்டமும் இல்லை. நிர்வாகமே தெரியாத ஆள். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு இந்தத் தீவுகள் எப்படி முன்னேறும் என்று ஃப்ளெம்மிங் அவர்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

கோபன்ஹேகன் தலைமையகம் அவருடைய கிளையைப் பாராட்டியிருக்கிறது. ஒரே சம்பவத்தில் மூன்று பேரைப் பொறுப்பேற்கவைத்தது வேறெங்கும் நடந்ததில்லையாம். உண்மைதான். அந்த அலுவலகத்தில் எல்லோருமே பொறுப்பானவர்கள். தவறு செய்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், டீசல் கடன்பட்டவன் தீர்த்துவிட்டான். மிச்சம் ஒரே ஒரு கடன்தான் இருக்கிறது: அந்த நிறுவனம் சோல்ருனுக்குத் தரவேண்டிய நாலாயிரம் குரோனர். இன்னும் தரவில்லை.