சகலைக்குக் கொடுத்தது

சுரேந்தர் வீட்டு வாசலில் மினிவேன் வந்து நின்றது. இரண்டு பேர் அதிலிருந்து சிவப்பு நிற ஃப்ரிட்ஜ் ஒன்றை இறக்கினார்கள். டபுள் டோர். எதிர்வீட்டு ஜன்னலில் நின்று பார்த்த கலியபெருமாளுக்கு வயிறு எரிந்தது.

சுரேந்தர் வேறு யாருமல்ல, சகலை. மனைவி குணசுந்தரியின் தங்கை திலகவதியைக் கட்டியவன். இருவருக்கும் குடிகாட்டில் ஒரே கெமிக்கல் கம்பெனியில் வேலை. இவர் பழைய பிளாண்ட், அவன் புது பிளாண்ட். தலைதீபாவளிக்கு மாமனார் சாமிக்கண்ணு சின்ன மாப்பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு மோதிரம் போட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கலியபெருமாள் சண்டை போட்டுத் தனக்கும் ஒரு மோதிரம் வாங்கிக்கொண்டார் என்பது வேறு விஷயம். சகலைக்கு ஒன்று செய்தால் தனக்கும் செய்தாகவேண்டும். அதில் மட்டும் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை.

அது 2009. அமெரிக்காவில் எவனோ வீட்டுக் கடனைக் கட்டவில்லையாம், அதற்குக் குடிகாட்டில் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். போனஸும் சந்தேகம். கலியபெருமாள் பாலைப் பாதியாகக் குறைத்தார், கேபிளைத் துண்டித்தார், போஸ்டாபீசில் போட்டுவைத்ததைத் தொடாமல் இருந்தார். அதுவரை அவர் செய்ததெல்லாம் சரிதான். சனியன், அந்த ஃப்ரிட்ஜ் வந்தது.

"அவனுக்கு மட்டும் எப்புடி காசு வருது?" என்றார் மனைவியிடம்.

"எப்புடியோ வரட்டும். ஒங்க வேலைய ஒழுங்காப் பாருங்க. அது போச்சுன்னா நமக்கு வேற நாதி கெடையாது."

யார் கேட்டார்கள்? மறுநாளே போஸ்டாபீஸ் பணம் வாஷிங் மெஷினாக வந்து இறங்கியது. எதிர்வீட்டுக்குத் தெரியட்டும் என்று நடுவாசலில் வைத்துப் பிரித்தார். அட்டைப்பெட்டியைக்கூட உள்ளே எடுக்கவில்லை. அடுத்த வாரம் சுரேந்தர் டிபன் பாக்ஸை மாட்டிக்கொண்டு புது பைக்கில் வேலைக்குப் புறப்பட்டான். தெருமுனை வரை ஹாரன் அடித்துக்கொண்டே போனான், படுபாவி.

சந்தேகம் மாமனார் மேல் திரும்பியது. சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிப் போய், சின்ன மாப்பிள்ளைக்கு மட்டும் திருட்டுத்தனமாகக் கொடுக்கிறீர்களா என்று கேட்டேவிட்டார். சாமிக்கண்ணுவுக்கு வந்ததே கோபம். இந்த வருஷம் தீபாவளிச் சீர் எந்த மாப்பிள்ளைக்கும் கிடையாது என்று வாசலைக் காட்டிவிட்டார். விஷயம் தெரிந்த குணசுந்தரி அன்றிலிருந்து சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாமனார் இல்லையென்றால் கம்பெனிதான். புது பிளாண்டுக்கு மட்டும் ரகசியமாக எதையோ அள்ளிக் கொடுக்கிறார்கள். கலியபெருமாள் நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றார்.

"சுரேந்தருக்கு எதனா பணம் குடுத்தீங்களா சார்?"

மேனேஜர் தயங்கினார். "குடுத்தோம். வெளிய தெரிய வேணாம்னு அவருதான் கேட்டுக்கிட்டாரு."

"அவனுக்குக் குடுத்தது எனக்கும் வேணும். அவனவிட நான் சீனியர். மொதல்ல என்னத்தான் கூப்புட்டுக் குடுத்திருக்கணும்."

வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வரலாமே என்றார் மேனேஜர். வீட்டில் கேட்க என்ன இருக்கிறது, இப்போதே வேண்டும், இல்லையென்றால் யூனியனுக்குப் போவேன் என்று மேசையைத் தட்டினார் கலியபெருமாள். சர்வீஸ் ஜாஸ்தி என்பதால் சுரேந்தரைவிட எண்பதாயிரம் கூடுதலாகவே வரும் என்றார் மேனேஜர். கலியபெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டிய இடத்திலெல்லாம் மளமளவென்று கையெழுத்துப் போட்டார். மேனேஜர் எழுந்து நின்று கைகொடுத்தார். காப்பிகூட வரவழைத்தார்.

எண்பதாயிரம் ஜாஸ்தி! இதைத் திலகவதி காதில் விழுகிற மாதிரி குணசுந்தரியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே கம்பெனி கேட்டுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சகலையை நினைத்தால் பாவமாக இருந்தது.

ஆபீசிலிருந்து வந்த போனை வைத்துவிட்டு, செக்யூரிட்டி லூர்துசாமி அவரிடம் கையை நீட்டினார்.

"ஐடி கார்டக் குடுத்துட்டுப் போங்க சார். வேலைய உட்டுப் போறவங்க இங்கதான் ஒப்படைக்கணும். ஒங்க சகல மாசி மாசமே குடுத்துட்டாரு."